அட்டைவாளும் அங்காடிவாளும்: வேடப்பொருள் தூய்மை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

அமெரிக்காவில் காமிக்ஸ் ரசிகர் மாநாடு நடக்கும் எந்த மண்டபத்தின் வாசலிலும் சற்று நேரம் நின்றால் இந்தக் காட்சி தவறாமல் கிடைக்கும். தலைமுதல் கால்வரை கவசம் பூண்ட ஒருவர், அதேபோல் கவசம் பூண்ட இன்னொருவரை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, "நீங்களே செய்ததா?" என்பார். கேட்க நலம் விசாரிப்பதுபோல்தான் இருக்கும். நடப்பது சுங்கச் சோதனை. "ஆமாம்" என்று பதில் வந்தால் என்ன ஃபோம், எத்தனை மில்லிமீட்டர், எந்தப் பசை என்று பேச்சு வளர்ந்து, ஹாட் க்ளூ பட்டு வெந்த விரல்களை இருவரும் காட்டிக்கொள்ளும் அளவுக்கு நட்பு முற்றிவிடும். "இல்லை, வாங்கினேன்" என்றால் "ஓ" என்ற ஓரெழுத்து ஒருமொழி வெளிப்படும். சந்திப்பு அத்துடன் நிறைவுறும்.

அந்த 'ஓ'வுக்கு வரலாற்று ஆதாரம் உண்டா, இலக்கிய ஆதாரம் உண்டா, சட்ட ஆதாரமாவது உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதை வைத்துப் பட்டம் பெறும் உத்தேசம் இவ்வாய்வாளருக்கு இல்லை. நெறியாளர் எவரும் அகப்படவில்லை என்பதும் ஒரு காரணம்.

அறியாதார் பொருட்டு ஒரு வரி: காமிக்ஸ், அனிமே, திரைப்படம், வீடியோ கேம் ஆகியவற்றின் பாத்திரங்களாக வேடமிட்டு ரசிகர்கள் கூடுவது காஸ்ப்ளே. வேடத்தோடு கையில் ஏந்தும் வாள், கோல், துப்பாக்கி முதலியன ப்ராப். எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும் என்போர் இக்கட்டுரையில் தூயநெறியார் எனவும், பணம் கொடுத்து வாங்கி வருவோர் அங்காடியார் எனவும் சுட்டப்படுவர்.

கருதுகோள்

தூயநெறியாரின் கொள்கையையே கருதுகோளாக எடுத்துக்கொள்வது நேர்மை: "வேடத்தைத் தன் கையால் செய்தவரே மெய்யான காஸ்ப்ளேயர். ஆதியிலிருந்து அதுவே மரபு."

முன்னோர் வழக்கு

ஆதியிலிருந்தே தொடங்குவோம். காஸ்ப்ளே வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் 1939 ஜூலையில், நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டில் பிள்ளையார் சுழி போடுவார்கள். வந்திருந்தவர்கள் ஏறக்குறைய 200 பேர். அவர்களில் ஃபாரஸ்ட் ஜே. ஆக்கர்மன் என்ற இளைஞர் பச்சை மேலங்கியும் தொளதொள கால்சட்டையுமாக எதிர்கால மனிதர் வேடத்தில் வந்து நின்றார். எச். ஜி. வெல்ஸ் கதையை ஒட்டி 1936-இல் வந்த 'திங்ஸ் டு கம்' படமும், ஃப்ராங்க் ஆர். பாலின் பத்திரிகை ஓவியங்களும் அந்த உடைக்கு முன்மாதிரி. காஸ்ப்ளே குலத்தின் ஆதிபுருஷர் என்று ஆக்கர்மனைத்தான் சொல்வது வழக்கம்.

அந்த உடையை அவர் தைக்கவில்லை.

வடிவமைத்துத் தைத்தவர் மிர்ட்டில் டக்ளஸ். ரசிகர் வட்டாரத்தில் மொரோஜோ என்று அறியப்பட்டவர், எஸ்பெராண்டோ மொழி ஆர்வலர், ஆக்கர்மனோடு சேர்ந்து ரசிகர் இதழ் நடத்தியவர். தனக்கும் ஓர் உடை தைத்து, அதே மாநாட்டுக்கு அணிந்து வந்தார். ஆக, தூயநெறிச் சூத்திரப்படி அன்று அந்த மண்டபத்தில் இருந்த மெய்யான காஸ்ப்ளேயர் ஒருவரே; அவர் ஆக்கர்மன் அல்லர். இருந்தும் பல காலம் வரலாறு அந்த அம்மையாரைத் துணைக்கு வந்தவராகவே குறித்து வைத்தது.

ஒரே சான்றை வைத்து முடிவுக்கு வருவது ஆய்வறத்துக்கு ஒவ்வாது. எனவே மறு ஆண்டுக்குச் செல்வோம். 1940-இல் சிகாகோவில் நடந்த இரண்டாம் மாநாட்டில் முதன்முறையாக வேடப் போட்டி வைத்தார்கள். 'ஃப்ளாஷ் கார்டன்' கதையின் கொடுங்கோலன் மிங்காக வந்த டேவிட் கைல் முதல் பரிசு பெற்றார். அந்த உடையைச் செய்தவர் லெஸ்லி பெரி. இவரும் ஒரு பெண்மணி.

முதல் வேடதாரி அணிந்தது பிறர் தைத்தது. முதல் பரிசு பெற்றவர் அணிந்ததும் பிறர் தைத்தது. "முன்னோர் எல்லாம் தாமே செய்தனர்" என்ற வாக்கியத்தில் முன்னோர் என்பதை முன்னோரின் தோழியர் என்று திருத்தி வாசித்தால் பிழை நீங்கும்.

தூயநெறியாருக்கு நீதி செய்யும் பொருட்டு ஒன்றைச் சொல்ல வேண்டும். அதன்பின் வந்த ஐம்பது அறுபது ஆண்டுகளில் பெரும்பாலோர் தாமே செய்தனர் அல்லது தெரிந்தவரைச் செய்யச் சொன்னார்கள் என்பது மெய். காரணம் எளியது: விற்கக் கடை இல்லை. ஒரு வேற்றுக்கிரக இளவரசியின் தோள்கவசம் வேண்டும் என்று 1975-இல் எந்தக் கடைக்காரரிடம் கேட்பது? இணையக் கடைகள் பெருகிய பிறகே அது மூன்று அளவுகளில் கிடைக்கலாயிற்று. வேறு வழியில்லாமல் வந்த வழக்கம், வழி பிறந்தபின் விரதமாயிற்று.

கைவினை என்றாலே மேன்மை என்பதற்கும் வரலாறு ஒத்துழைக்கவில்லை. 1972-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த உலக மாநாட்டுக்கு ஸ்காட் ஷா என்ற ஓவியர், ஆய்வுக் கட்டுரையில் பெயர் எழுதத் தகாத ஒரு காமிக்ஸ் பாத்திரமாக, உடலெங்கும் வேர்க்கடலை வெண்ணெய் பூசிக்கொண்டு வந்தார். முழுக்க முழுக்கக் கைப்பூச்சு. அரங்க விளக்குகளின் சூட்டில் அது நாறத் தொடங்கியது. இருக்கைகளிலும் பிறர் உடைகளிலும் ஒட்டியது. அதன்பின் வேடப் போட்டி விதிகளில் 'வேர்க்கடலை வெண்ணெய் கூடாது' என்ற விதி நிலைபெற்றது. கடையில் வாங்கிய உடை எதற்காகவும் இப்படி ஒரு விதி எழுத நேர்ந்ததாக இவ்வாய்வாளர் அறியார்.

தூய்மையின் படிக்கட்டு

வரலாறு கைவிட்டாலும் கொள்கை நிற்கலாம். கொள்கைப்படி யார் தூயர்?

அடிப்படியில், ஹாலோவீன் கடையில் பிளாஸ்டிக் பையோடு வாங்கியதை அப்படியே மாட்டிக்கொண்டு வருபவர். அவருக்கு மேல், அதே பையை வாங்கி, பளபளப்பைக் கெடுத்து, கறுப்புப் பெயின்ட் தடவித் துடைத்துப் போரில் அடிபட்டதுபோல் ஆக்குபவர். பிறகு, தேர்ந்த கைவினைஞரிடம் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்குபவர். இவர் செலவழித்ததைக் கேட்டால் மரியாதையும் வயிற்றெரிச்சலும் ஒருங்கே வரும் என்பதால் இவரை எந்தப் படியில் நிறுத்துவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு மேல் 3டி பிரிண்டர் வைத்திருப்பவர். "பொத்தானை அமுக்கியது நீ, செய்தது இயந்திரம்" என்பது அவர் மீதான குற்றச்சாட்டு. "அச்சான பிறகு மேலே தெரியும் வரிகளை மறைக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி உப்புத்தாள் போட்டுப் பார், பிறகு பேசு" என்பது அவர் பதில். இணையத்தில் இறக்கிய கோப்பை அச்சிட்டவரைத் தானே கணினியில் வரைந்து அச்சிட்டவர் மதிப்பதில்லை. இவர்கள் இருவரையும், ஈ.வி.ஏ. ஃபோமைக் கத்தியால் வெட்டி, ஹீட் கன்னால் வளைத்து, கான்டாக்ட் சிமென்ட் தடவி ஒட்டுபவர் மதிப்பதில்லை. வோர்ப்லா என்ற தெர்மோபிளாஸ்டிக்கைச் சூடாக்கிக் கைப்பட வார்ப்பவர் ஃபோம்காரரைச் சற்றே பரிவோடு நோக்குவார். மெய்த்தோலும் மெய்யிரும்பும் கொண்டு செய்பவர் யாரையுமே நோக்குவதில்லை.

நம் ஊரில் கிரைண்டரில் மாவரைப்பவர் பாக்கெட் மாவு வாங்குபவரைப் பார்க்கும் பார்வையும், ஆட்டுக்கல் பாட்டி அந்தக் கிரைண்டரைப் பார்த்த பார்வையும் இதே வகை. பாட்டியும் நெல் விதைக்கவில்லை.

படிக்கட்டுக்கு உச்சி கிடையாது என்பதே இதன் குறை. ஃபோம் ஒரு தொழிற்சாலையிலிருந்து வருகிறது. வோர்ப்லா ஜெர்மன் நிறுவனம் ஒன்றின் சரக்கு. துணி, நூல், ஜிப், பசை எல்லாமே விலைக்கு வாங்கியவை. 'மெக்கால்ஸ்' என்ற பழம்பெரும் தையல் வடிவ நிறுவனம் 2015-இல் காஸ்ப்ளேக்கென்றே தனி வரிசை வெளியிட்டது. அதைப் பார்த்துத் துணி வெட்டியவர் எந்தப் படி? விக் அணியாத அனிமே வேடம் அரிது, ஆனால் அந்த விக்கைத் தன் தலையில் வளர்த்ததா என்று எவரும் கேட்பதில்லை. கண்ணில் வைக்கும் வண்ண லென்ஸை வீட்டில் வார்த்தவர் எவரும் இல்லை. இருந்திருந்தால் அவரால் இதைப் படிக்க இயலாது.

படிக்கட்டின் அடியில் நிற்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். கான்டாக்ட் சிமென்டுக்குக் காற்றோட்டம் வேண்டும். ஃபோம் தூளுக்கு முகக்கவசம் வேண்டும். வெட்டிய துண்டுகளை வாரக்கணக்கில் பரப்பி வைக்க இடம் வேண்டும். அமெரிக்கச் சூழலில் இவை மூன்றையும் சேர்த்துச் சொன்னால் காராஜ் உள்ள சொந்த வீடு என்று பொருள். ஒற்றை அறை வாடகை வீட்டில், இரண்டு வேலை பார்த்துக்கொண்டு, புகை அலாரத்துக்குப் பயந்து வாழ்பவருக்குப் பையில் வரும் வேடம்தான் கட்டுப்படியாகும். பணமில்லாதவரின் வழியாக இருந்த கைவினை, ஓய்வும் இடமும் உள்ளவரின் அடையாளமாக மாறியிருக்கிறது. வாங்கியவரைப் பார்த்து 'ஓ' என்பவருக்கு, தான் ஒரு ஏழையைப் பார்த்து 'ஓ' என்கிறோம் என்பது தெரிவதில்லை.

மூலத்தின் மூலம்

அடுத்து, எதைப் பார்த்துச் செய்கிறார்களோ அந்த மூலப்பொருள் எப்படி வந்தது?

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் லூக் ஸ்கைவாக்கர் கையில் வரும் ஒளிவாளின் பிடி, கிராஃப்ளெக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்காகச் செய்த ஃப்ளாஷ் விளக்கின் கைப்பிடி. அரங்கப் பொருள்களுக்குப் பொறுப்பான ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு கேமராக் கடையில் அதைக் கண்டெடுத்து, ரப்பர் பட்டைகளை ஒட்டி, கால்குலேட்டரின் உருப்பெருக்கிப் பட்டையைச் செருகினார். அதே படத்தில் வெள்ளைக் கவச வீரர்கள் ஏந்தும் துப்பாக்கிக்கு அடிப்படை பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங் சப்மெஷின் கன். அதே வரிசையில் 1999-இல் வந்த படத்தில் குவை-கான் ஜின் பேசும் தகவல்கருவி, ஜில்லெட்டின் பெண்கள் சவரக்கத்தியை அச்சு எடுத்து வார்த்தது.

1966-இன் 'ஸ்டார் ட்ரெக்' தொடர் இன்னும் நேர்த்தி. உப்புக்கு அலையும் ஓர் உயிரினத்தைப் பற்றிய பகுதிக்காகப் புதுமையான உப்புக் குப்பிகளை வாங்கி வந்தார்கள். பார்ப்பவருக்கு அவை உப்புக் குப்பி என்றே தெரியாது என்ற அளவுக்கு அவை புதுமையாக இருந்ததால், டாக்டர் மெக்காயின் அறுவைக் கருவிகளாக அவற்றுக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஆகவே, ஃப்ளாஷ் கைப்பிடியைப் பார்த்துப் பித்தளைக் குழாயில் பல மாதம் கடைந்து ஒளிவாள் செய்கிறவர், கடையில் வாங்கிய பொருளுக்குக் கைவினை நகல் எடுக்கிறார். மூலத்துக்கு முழு விசுவாசம் காட்ட விரும்புகிறவர் செய்ய வேண்டியது கேமராக் கடைக்குப் போவதுதான். இப்போது போனால் கிடைக்காது. ஒளிவாள் செய்வோர் தேடித்தேடி வாங்கியதில் பழைய கிராஃப்ளெக்ஸ் கைப்பிடிகளுக்கு விலை ஏறிக் கிடக்கிறது.

பாத்திர ஒழுக்கக் கோட்பாடு

இங்கே இவ்வாய்வாளர் தம் சொந்தக் கோட்பாடு ஒன்றை முன்வைக்கிறார். ப்ராப் வாங்கப்பட வேண்டுமா, செய்யப்பட வேண்டுமா என்பதைப் பாத்திரமே தீர்மானிக்க வேண்டும். கதையில் அப்பொருள் எவ்வழி வந்ததோ, மாநாட்டுக்கும் அவ்வழியே வருதல் வேண்டும்.

இதன்படி ஹாரி பாட்டர் தன் மந்திரக்கோலை ஆலிவாண்டர் கடையில் 7 காலியன் கொடுத்து வாங்கினான். வீட்டில் மரம் செதுக்கிக் கோல் செய்து வருகிற ஹாரி, பாத்திரத்துக்குத் துரோகம் இழைத்தவர். பேட்மேன் நிலை இன்னும் திட்டவட்டம். 2005-இல் வந்த 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் முகமூடிப் பாகங்களுக்கு வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிறார்கள். சந்தேகம் வரக்கூடாதென்று 10,000 எண்ணம். முதல் சரக்கு தரமில்லாமல் வந்து சேர்கிறது. எனவே மெய்யான பேட்மேன் காஸ்ப்ளேயர் மொத்த வியாபாரத்தில் வாங்க வேண்டும். அதுவும் உடைந்து வர வேண்டும்.

அயர்ன் மேன் மறுதலை. 2008 படத்தில் குகைக்குள் அடைபட்டு, ஏவுகணைகளைப் பிரித்து, கையால் அடித்துச் செய்கிறான். தூயநெறியார் கொண்டாட வேண்டிய இடம். ஆனால் உடன் இருந்து உழைத்த யின்சென் என்பவர் செத்துப்போகிறார். புகழ் அயர்ன் மேனான டோனி ஸ்டார்க்குக்குப் போகிறது. மொரோஜோ வரலாறு இங்கும் தொடர்வது ஈண்டு நோக்கத்தக்கது. ஸ்பைடர்மேன் 1962-இல் தன் உடையைத் தானே தைத்தவன். 2017-இல் வந்த படத்தில் ஸ்டார்க் கொடுத்த விலையுயர்ந்த உடை பறிபோக, கையால் தைத்த பழைய உடையோடு போய் வில்லனைப் பிடிக்கிறான். தூயநெறியாருக்கு இதைவிட வேறு வேதம் தேவையில்லை, பறித்தவர் கோடீசுவரர் என்பதை மறந்துவிட்டால்.

ஜப்பானிய அனிமே இயக்குநர் மியாசாகியின் 1989 படத்தில் சிறுமி கிகி முதலில் அம்மாவின் துடைப்பத்தில் பறக்கிறாள். அது முறிந்துபோகிறது. உச்சக்கட்டத்தில், தெருவில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அவருடைய நீள்காம்புத் துடைப்பத்தை இரவல் கேட்டுப் பறக்கிறாள். ஆக, கிகி வேடத்துக்கு வாங்குதலும் ஆகாது, செய்தலும் ஆகாது. மண்டபத் துப்புரவாளரிடம் கெஞ்சிப் பெற வேண்டும். 'டாக்டர் ஹூ' தொடரில் நான்காம் டாக்டரின் நீண்ட கழுத்துச்சுற்று வந்த கதை இதற்கும் மேல். உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் ஆக்கிசன் பல வண்ணக் கம்பளிநூலை பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தார். கொடுத்த நூல் அத்தனையையும் போப் பின்னி முடித்துவிட்டார். இதைத் தானே அளவெடுத்துப் பின்னுகிறவர் மூலத்தைப் புரிந்துகொள்ளவில்லை. நூலை இன்னொருவரிடம் கொடுத்து, அளவு சொல்ல மறந்துவிட வேண்டும்.

சட்ட நோக்கு

மரபும் கோட்பாடும் கைகொடுக்காதபோது ஆய்வாளர் நீதிமன்றம் செல்வது இயல்பு. 'ஸ்டார் வார்ஸ்' வெள்ளைக் கவச வீரர்களின் தலைக்கவசங்களைப் படத்துக்காக வார்த்துக் கொடுத்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த், பின்னாளில் அதே அச்சுமுறையில் செய்து விற்கத் தொடங்கினார். படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் வழக்குத் தொடுத்தது. தலைக்கவசம் சிற்பமா, அல்லவா என்பதே கேள்வி. 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் அது சிற்பம் அல்ல என்றது. படத் தயாரிப்புக்குப் பயன்பட்ட ஒரு பொருள், அவ்வளவே. நாட்டின் தலைசிறந்த நீதிபதிகள் கூடி, மூலப்பொருளே கலைப்படைப்பு அல்ல என்று எழுதிய பிறகு, அதன் நகலில் எது உயர்ந்தது என்று வாசலில் நின்று வாதிடுவது அதிகப்படி.

இரண்டாவது வழக்கு நீதிமன்றம் போகவில்லை, போயிருக்கலாம். 2002-இல் வந்து ஒரே பருவத்தோடு நின்றுபோன 'ஃபயர்ஃப்ளை' தொடரில், ஜெய்ன் என்ற முரட்டு அடியாளுக்கு அவன் அம்மா ஆரஞ்சும் மஞ்சளுமாகக் காதுமூடித் தொப்பி ஒன்றைப் பின்னி அஞ்சலில் அனுப்புகிறார். பார்க்கக் கோமாளித்தனமான தொப்பி. அவன் அதைப் பெருமையோடு அணிகிறான். பல ஆண்டுகள் ரசிகர்கள் அதைப் பின்னி ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள், விற்றார்கள். 2013-இல், தொடரின் உரிமையாளரான ஃபாக்ஸ் நிறுவனத்தின் உரிமம் பெற்ற தொப்பி கடைக்கு வந்தது. உடனே, எட்சி என்ற இணைய விற்பனைத் தளத்தில் கையால் பின்னி விற்றவர்களுக்கு விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கடிதம் போயிற்று. அம்மா பின்னியது என்பதே அந்தத் தொப்பியின் முழு மதிப்பும். சட்டப்படி அசல், ஆலையில் செய்தது. சட்டப்படி போலி, யாரோ ஒருவரின் அம்மா பின்னியது. ரசிகர்கள் கொதித்ததும், உரிமத் தொப்பியை விற்ற திங்க்கீக் கடை அதன் லாபத்தை 'ஃபயர்ஃப்ளை' ரசிகர்களின் அறப்பணிக்குக் கொடுப்பதாக அறிவித்துத் தப்பித்தது.

கையால் செய்தவரின் பக்கம் நிற்க விரும்பும் தூயநெறியாருக்கு நிற்க வேண்டிய இடம் இதுதான். ஃபாக்ஸ் போன்ற நிறுவனங்களை விட்டுவிட்டு, பையில் வேடம் வாங்கி வந்த பதினைந்து வயதுப் பெண்ணைப் பார்த்து 'ஓ' என்பதில் வீரம் எதுவும் இல்லை.

பிற மரபுகள்

சுருக்கமாக. ஜப்பானில் 1975 முதல் நடக்கும் காமிக்கெட் என்ற காமிக்ஸ் விழாவில் வேடத்தோடு வரவும் கூடாது, போகவும் கூடாது. உடைமாற்றும் அறையில் மாற்ற வேண்டும். 2003 முதல் நாகோயாவில் நடக்கும் உலகக் காஸ்ப்ளே மாநாட்டில் போட்டியாளர் தம் உடையைத் தாமே செய்திருக்க வேண்டும்; அது போட்டி, ஆகவே அது நியாயம். 1997-இல் தொடங்கிய 'ஸ்டார் வார்ஸ்' ரசிகர்களின் 501-ஆம் படையணி, யார் செய்தது என்று கேட்பதே இல்லை. திரையில் உள்ளபடி இருக்கிறதா என்று மட்டும் புகைப்படத்தை வைத்துப் பார்க்கும். முதல் படத்தின் தலைக்கவசங்கள் கையால் செதுக்கிய வார்ப்பிலிருந்து வந்ததால் இடமும் வலமும் ஒத்திருக்கவில்லை. அந்தக் கோணலையும் விடாமல் நகலெடுப்பவருக்கு அங்கே மதிப்பு.

அமெரிக்க மாநாடுகளின் பழைய வேடப் போட்டிகளில் மேடைத் தோற்றத்துக்கு ஒரு பரிசும் வேலைப்பாட்டுக்கு ஒரு பரிசும் தனித்தனியே உண்டு. வேலைப்பாட்டு நடுவர்கள் மேடைக்குப் பின்னால் உடையைத் திருப்பி உள்தையலைப் பார்ப்பார்கள். புதியவர், பழகியவர், தேர்ந்தவர் எனத் தரம் பிரித்தும் போட்டி நடத்துவார்கள். சண்டையை அவர்கள் பல்லாண்டுகளுக்கு முன்பே தீர்த்துவிட்டார்கள். வாசலில் நிற்பவர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

முடிவு

கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது. பையில் வரும் வேடம் பற்றியும் ஒரு தகவல் சேர்க்க வேண்டும்: சீனாவின் ஷான்டாங் மாகாணத்தில் ட்ஸாவ் என்ற வட்டாரம், மேடை உடைகளையும் ஹான்ஃபூ என்ற மரபுடைகளையும் தைத்து இணையச் சந்தையில் விற்றே பெயர் பெற்றது. அங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்களுக்கும் பத்து விரல்தான். கையால் செய்யாத உடை என்று ஒன்று உலகில் கிடையாது. செய்தவர் பெயர் தெரிந்த உடை, பெயர் தெரியாத உடை என்று இரண்டே வகை. ஆகவே மாநாட்டுக்காரர்களுக்கு ஒரு பரிந்துரை: கழுத்தில் தொங்கும் அனுமதி அட்டையில் "செய்தவர்" என்று ஒரு வரி அச்சிடுங்கள். அதில் தன் பெயரோ, தோழி பெயரோ, அம்மா பெயரோ, கடையின் பெயரோ எழுதிக்கொள்ளட்டும். கேள்வி கேட்கும் வேலை மிச்சம்.

இம்முடிவை மறுக்க விரும்பும் தூயநெறியார், தாமே நூற்ற நூலில் தாமே நெய்த துணியில் தைத்த உடையோடு வந்து வாதிடலாம். லென்ஸுக்கு மட்டும் விலக்கு உண்டு.